இரண்டாம் முறை பிள்ளை வளர்க்கும் உடம்பு

தென்னாப்பிரிக்காவின் வடக்கே, லிம்போபோ மாகாணத்தில், ட்சானீன் நகரை ஒட்டி ங்கோவன்கோவா என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே மண் திடலில் பாட்டிமார் கால்பந்து ஆடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களும் உண்டு, எண்பதைத் தாண்டியவர்களும் உண்டு. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பந்து வரும் பக்கம் ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், கால் தவறினால் சிரித்துவிட்டு மறுபடி ஓடுகிறார்கள். அணிக்கு வாக்கெகுலா வாக்கெகுலா என்று பெயர். ட்சோங்கா மொழியில் பாட்டிமார் என்பதை இரண்டு தரம் சொன்னால் அதுதான்.

இதைத் தொடங்கி வைத்தவர் பெக்கா ன்ட்சான்விசி. வானொலி நிகழ்ச்சிகளால் அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த பெண்மணி. 2003இல் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு அலைந்த நாட்களில் அங்கே வரிசையில் காத்துக் கிடந்த வயதான பெண்களைப் பார்த்தார். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூட்டு வலி, மருந்துச் சீட்டு, மறுபடி வரிசை. அவர்களைக் கூட்டி வைத்து எளிய உடற்பயிற்சி செய்யச் சொன்னார். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் பந்து ஒருநாள் இவர்கள் பக்கம் உருண்டு வந்தது, ஒரு பாட்டி உதைத்துப் பார்த்தார், அதிலிருந்து கால்பந்து பிடித்துக்கொண்டது என்று சொல்வார்கள். 2010 ஜூலையில் இந்த அணி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லான்காஸ்டர் என்ற ஊர் வரை போய் மூத்தோர் போட்டியில் ஆடியது.

அரைக்கால் சட்டை போட்ட கிழவிகளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். இந்த வயதில் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு உடலியல் சொல்லும் பதிலைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கப் போகிறது. பேரப்பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் என்பதாலேயே இவர்களுக்கு இந்த ஓட்டம் வேண்டும்.

பேரப்பிள்ளைகளைப் பாட்டி வளர்ப்பது அந்த மண்ணில் நேற்று வந்த வழக்கமில்லை. இனவொதுக்கல் ஆட்சிக் காலத்தில் ஆண்கள் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். பெண்கள் வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போனார்கள். குடும்பத்தைக் கூட அழைத்துப் போக அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் விடவில்லை. பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் தங்கின. அதன் மேல் எய்ட்ஸ் வந்து விழுந்தது. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 2004இல்தான். அதற்கு முன்பே இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த மகன்களும் மகள்களும் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். நடுத் தலைமுறை இல்லாத வீடுகளில் அறுபது வயதுக்காரர் மறுபடி தாயானார்.

அமெரிக்காவில் காரணங்கள் வேறு: கொக்கைன், சிறை, பிற்பாடு ஓபியாய்டு மாத்திரைகள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கூடவே இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு நாங்களே பொறுப்பு என்று சொன்ன தாத்தா பாட்டிமார் 24 லட்சம் பேர். தாய் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போக, பிள்ளையைப் பாட்டி வளர்க்கும் வீடுகளை இலங்கையில் பலர் பார்த்திருப்பார்கள். எந்த நாடானாலும் கணக்கு ஒன்றுதான். 62 வயதில் நான்கு வயதுக் குழந்தையைக் கையில் வாங்கினால், அந்தப் பிள்ளைக்கு 18 ஆகும்போது வாங்கியவருக்கு 76. அதுவரை கால்கள் நிற்க வேண்டும், இதயம் தாங்க வேண்டும், கண்ணும் காதும் ஒத்துழைக்க வேண்டும்.

பேரனோடு விளையாடினால் ஆயுள் கூடும் என்று நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் படித்திருப்பீர்கள். அது பொய்யில்லை. பெர்லினில் எழுபது வயதைக் கடந்த 500க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. அவ்வப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டிமாருக்கு, பார்த்துக்கொள்ளாதவர்களைக் காட்டிலும் இறப்பு அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் முழுப் பொறுப்பேற்று வளர்ப்பவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. சாயங்காலம் பிள்ளையைத் திருப்பி ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களைப் பற்றிய ஆய்வு அது.

மறுபக்கத்தை அமெரிக்கச் செவிலியர் ஆய்வு காட்டியது. 46 முதல் 71 வயது வரையிலான 54,000க்கும் மேற்பட்ட பெண்களை நான்காண்டுகள் கவனித்து 2003இல் முடிவைச் சொன்னார்கள். வாரத்தில் ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ பேரப்பிள்ளைகளைக் கவனித்த பெண்களுக்கு மாரடைப்பு உள்ளிட்ட இதயத் தமனி நோய் வரும் அபாயம், கவனிக்காதவர்களைவிட 55 சதவீதம் கூடுதல். வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கே இந்த நிலை. லிம்போபோவின் பாட்டிக்கும் அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பாட்டிக்கும் வாரத்தில் 168 மணி நேரமும் அதுதான் வேலை.

ஓயாத பொறுப்பு உடம்பில் என்ன செய்கிறது? இதைத் தோலிலேயே அளந்து பார்த்தவர்கள் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் கீகோல்ட் கிளேசரும் அவர் குழுவினரும். மறதி நோய் பிடித்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்கள், அவர்கள் வயதையும் வருமானத்தையும் ஒத்த வேறு 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு வட்டமாகத் தோலை எடுத்தார்கள், கொத்துமல்லி விதை அளவு. பிறகு அந்தப் புண்ணைப் படம் எடுத்தார்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தார்கள். தோல் மூடாத இடத்தில் அது நுரைக்கும். நுரைப்பது நின்றால் ஆறிவிட்டதாகக் கணக்கு. மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறிய புண், பராமரிப்பில் இருந்தவர்களுக்கு ஆற ஏறத்தாழ 49 நாட்கள் ஆயின. 1995இல் இது வெளிவந்தது. புண்ணை ஆற்ற வரும் வெள்ளணுக்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களில் ஒன்று இவர்கள் ரத்தத்தில் குறைவாகவே உருவானது. தீராத மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகம் சுரந்தால் அந்தப் புரதங்கள் அடங்கிப்போகும்.

பத்தாண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தில் சார்லஸ் எமரியின் குழு அதே அளவுப் புண்ணை வேறு கேள்விக்குப் பயன்படுத்தியது. 55 வயதைக் கடந்த 28 பேர். பாதிப் பேர் மூன்று மாதம், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தார்கள். மீதிப் பேர் எப்போதும் போல இருந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் புண் 29 நாட்களில் ஆறியது. மற்றவர்களுக்கு 39 நாட்கள். இரண்டும் வெவ்வேறு மனிதர்களிடம் செய்த சிறிய ஆய்வுகள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கணக்குப் போட முடியாது. ஆனாலும் பராமரிப்புச் சுமை ஏறத்தாழ பத்து நாட்களைப் பிடுங்கிக்கொண்டதும், பயிற்சி ஏறத்தாழ பத்து நாட்களைக் கொடுத்ததும் ஒரே அளவுகோலில் பதிவான செய்திகள். எனக்கு இந்தத் துறையில் இவற்றைவிட அழுத்தமான இரண்டு எண்கள் தெரியாது.

நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்குகிறார், தண்ணீர் சுமக்கிறார், துணி துவைக்கிறார், இதெல்லாம் உடற்பயிற்சி இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தசைக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: வழக்கத்தை மிஞ்சிய சுமை, அதன் பிறகு போதிய ஓய்வு. இரண்டும் அடுத்தடுத்து வந்தால்தான் தசை நார் தடிக்கும். வீட்டு வேலையில் சுமை நாளெல்லாம் நடுத்தரமாக இருந்துகொண்டே இருக்கும், எப்போதும் உச்சத்துக்குப் போகாது, ஓய்வும் வராது. அழுகிற மூன்று வயதுக் குழந்தை பதினான்கு கிலோ இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்குகிறவர் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, மூச்சை விட்டுத் தூக்குவதில்லை. இடுப்பை வளைத்து ஒரு பக்கமாக இழுத்துத் தூக்கி, அந்தப் பக்க இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறார். தொடைக்குப் போக வேண்டிய சுமை முதுகெலும்பின் அடிவட்டுகளுக்குப் போகிறது.

டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் இதற்கு நிகரான ஒரு புதிரைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தால் ஆயுள் கூடுகிறது. பிழைப்புக்காக நாளெல்லாம் உடலை வருத்தினால் அந்தப் பலன் வருவதில்லை. சுமார் 1,94,000 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில், கடும் உடலுழைப்புப் பார்த்த ஆண்களுக்கு அகால மரண அபாயம் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை, ஆகவே பாட்டிமாருக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் ஹோல்டர்மன் காட்டும் காரணங்கள் அப்படியே பொருந்துகின்றன என்பது என் கருத்து. வேலையின் வேகம் தன் கையில் இல்லை, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் இறங்குவதே இல்லை, மீள்வதற்கு நேரம் இல்லை.

இங்கே ஒருவர் ஹாட்சா மக்களைக் காட்டி மறுக்கலாம். டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் அந்தச் சமூகத்தில், கடினமான தரையைக் குச்சியால் பிளந்து கிழங்கெடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர்கள் பாட்டிமார் என்று கிறிஸ்டன் ஹாக்ஸ் எழுதினார். மாதவிடாய் நின்ற பிறகும் மனிதப் பெண் இத்தனை ஆண்டுகள் ஏன் வாழ்கிறாள் என்பதற்கு அந்தக் கிழங்குதான் விடை என்றார். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2021இல் இன்னொரு படி மேலே போனது. முதுமையில் உடலை அசைப்பது, கொழுப்பாகச் சேரக்கூடிய ஆற்றலைத் திசுக்களைப் பழுதுபார்க்கும் பக்கம் திருப்புகிறது. தசை நாரில் விழும் நுண்ணிய கிழிசலும் கூடுதல் ஆக்ஸிஜனால் வரும் சேதமும் பழுதுபார்க்கும் பொறியை முடுக்கிவிடுகின்றன. மனித உடம்பு பேரப்பிள்ளைக்காக உழைக்கும் முதுமைக்கென்றே அமைந்தது என்பது அவர்கள் கருதுகோள். நான் இதை ஏற்கிறேன். ஆனால் ஹாட்சா பாட்டியைச் சுற்றித் தாயும் அத்தையும் மற்றக் கிழவிகளும் இருக்கிறார்கள். பிள்ளை கைமாறிக்கொண்டே இருக்கும். தோண்டிய பிறகு நிழலில் உட்காரும் நேரம் உண்டு. தனியாக வளர்ப்பவருக்குப் பறிபோனது அந்த நிழல் நேரம்தான். உழைப்பு அப்படியே இருக்கிறது.

ஐம்பதுக்கு மேல் தசை எவ்வளவு போகிறது என்பதைவிட எந்தத் தசை போகிறது என்பது முக்கியம். காலில் இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்பவை ஒன்று. சட்டென்று பாய்பவை மற்றொன்று. முதுமையில் முதலில் மெலிவது பாயும் நார். தடுக்கி விழும்போது காலை முன்னால் வீசி உடம்பைத் தாங்குவதும் அதுதான், வாசல் தாண்டித் தெருவுக்கு ஓடும் குழந்தையின் கையை எட்டிப் பிடிப்பதும் அதுதான். நடைப்பயிற்சி இந்த நாரை அதிகம் தொடுவதில்லை. பாட்டிமார் தற்செயலாகக் கண்டடைந்த கால்பந்து, நின்று, பாய்ந்து, திரும்பி, மறுபடி நின்று இந்த நாரைத்தான் வேலை வாங்குகிறது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுவில் உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது? கையை ஊன்றினால் கணக்கில் சேராது. 65 முதல் 69 வயதுப் பெண் 11க்குக் கீழே நின்றால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணக்கு வைத்திருக்கிறது.

குறைந்திருந்தால் மீட்க முடியுமா? முடியும் என்று 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் நிரூபித்தார். முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேர், சராசரி வயது 90. எட்டு வாரம் கால் தசைக்குப் பளு ஏற்றிப் பயிற்சி கொடுத்தார். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலை விட்டார்கள். தொண்ணூறு வயதுத் தசை கேட்கிறதென்றால் அறுபத்தைந்து வயதுத் தசை கேட்காமல் போகாது.

ரத்த அழுத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பரோத் தீவுகளில் லேசான ரத்தக் கொதிப்பு இருந்த 35 முதல் 50 வயதுப் பெண்களை 15 வாரம், வாரம் மூன்று மணி நேரம் கால்பந்து ஆட வைத்தார்கள். மேல் அழுத்தம் 12 புள்ளியும் கீழ் அழுத்தம் 6 புள்ளியும் இறங்கின. ரத்தம் வேகமாகப் பாயும்போது நாளத்தின் உள்சவ்வு நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது, நாளம் தளர்கிறது. பாட்டிமாரைவிட இளையவர்களிடம் செய்த ஆய்வு இது, ஆனால் ரத்த நாளம் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஓட்டமே இல்லாத நடைக் கால்பந்து இருக்கிறது. 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் அது தொடங்கியது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் திடலில் இறங்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

உடலியல் இவ்வளவு தெளிவாக இருந்தும் திட்டங்கள் ஏன் தோற்கின்றன? பெரும்பாலும் கடிகாரத்தால். காலை ஆறு மணிக்குப் பூங்காவில் நடைப்பயிற்சி என்று அறிவித்தால், அந்த நேரத்தில் பாட்டி பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பார். மாலை ஐந்து மணி என்றால் வீட்டுப்பாடம். பள்ளி நேரத்தில், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் வைத்தால் வருவார்கள். பள்ளிக்குப் போகாத குட்டி இருந்தால், பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். பள்ளி விடுமுறையில் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய திட்டம் இதைப் புரிந்துகொண்டது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களின் வீட்டுக்கே செவிலியரும் சமூகப் பணியாளரும் போனார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்த்தார்கள். சேர்ந்து பேச ஒரு குழு இருந்தது. தனக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் இந்தப் பாட்டிமாரில் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தில் மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுவார்கள். வீடு தேடி வரும் செவிலியர் மீது நம்பிக்கை வந்த பிறகுதான் உடற்பயிற்சி என்ற பேச்சே எடுபடும்.

பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடும் வகுப்புகள் நல்லவை. பிள்ளைக்குப் பழக்கம் வருகிறது, பாட்டிக்குச் சாக்கு கிடைக்கிறது. ஆனால் அதை மட்டுமே வைத்துக்கொண்டு திட்டம் முடிந்தது என்று சொல்லிவிடக் கூடாது. பிள்ளை பக்கத்தில் இருக்கும் வரை பாட்டியின் ஒரு கண் அதன் மேலேயே இருக்கும், மேலே சொன்ன கார்டிசால் இறங்காது. பிள்ளை இல்லாத ஒரு மணி நேரம் தனியாக வேண்டும்.

பணமும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் முதியோர் உதவித்தொகை பெண்ணின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகள் நன்றாக வளர்ந்தார்கள் என்று எஸ்தர் டுஃப்ளோ காட்டினார். தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. பாட்டியின் தட்டுக்குப் போக வேண்டியதும் பேத்தியின் தட்டுக்குப் போகிறது என்பதையும் நான் அதில் பார்க்கிறேன். அரைவயிறு சாப்பிடுகிறவரைப் பளு தூக்கச் சொன்னால் தசை வளராது. உதவித்தொகையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் இல்லாத இடத்தில் உடற்பயிற்சித் திட்டத்தை மட்டும் கொண்டுபோய் இறக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வெளியே வரவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கலாம், குழந்தைக்கு ஊனம் இருக்கலாம், பேருந்து இல்லாத ஊராக இருக்கலாம். அவர்களுக்கு நியூசிலாந்தின் ஒட்டாகோ முறை பொருந்தும். டுனெடின் நகரில் எண்பது வயதைக் கடந்த 233 பெண்களிடம் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள்; பிறகு நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பார். கணுக்காலில் கட்டும் எடைப்பட்டை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, குதிகாலும் விரலும் தொட்டுக்கொள்ள ஒரே கோட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, எட்டுப் போட்டு நடப்பது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். குழந்தை தூங்கும் நேரத்தில் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். முதல் இரண்டு மாதத்தில் அவர் நான்கு தடவை வருவார், ஒவ்வொரு தடவையும் காலைப் பார்த்து எடையைக் கூட்டுவார். எடை கூடாவிட்டால் பாயும் நார் விழிக்காது. அதனால் இத்தகைய திட்டத்துக்கு வரவுசெலவு போடுகிறவர்கள் கருவி வாங்கும் தொகைக்கு முன்னால், அந்த நான்கு வருகைக்கான சம்பளத்தையும் பயணச் செலவையும் எழுதி வைக்க வேண்டும்.